கட்டுநாயக்கவுக்கு முன்னால்

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 650 கிலோமீற்றர். விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய் இறங்கிவிடும். கண்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு அதில் ஆறிலொரு பங்குதான், ஆனால் மூன்று மணித்தியாலமாவது வேண்டும். கடுகண்ணாவ வளைவுகளில் பாரலொறி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் வேன் சாரதி இரண்டாம் கியருக்கு இறங்கியே ஆகவேண்டும். மிச்ச நேரத்தை மாவனெல்லை, கேகாலைக் கடைத்தெருக்கள் விழுங்கும். மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்டிக் கிளை அதோடு வரவில்லை. விமானச் சீட்டில் அச்சிட்ட பயண நேரத்தை நான் பாதிக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்வேன். வீட்டு வாசலிலிருந்து எண்ணினால்தானே அது பயண நேரம்? விடியற்காலை விமானம் என்றால் இங்கே முதல்நாள் இரவே வேன் வந்து நிற்கும். வழியனுப்ப என்று பாதிக் குடும்பமும் ஏறிவிடும், பெட்டிகளுக்குத்தான் இடமிருக்காது.