சோற்றுக் கணக்கும் ஆசிரியர்களும்

பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு ஓய்வு. ஆசிரியருக்கோ அப்போதுதான் இன்னொரு வேலை ஆரம்பமாகிறது. குழாயடியில் நெரிசல் இல்லாமல் கை கழுவச் செய்ய வேண்டும். வரிசையில் உட்கார வைக்க வேண்டும். கொதிக்கும் சாம்பார் யார் மேலும் கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் முடிந்து தமது டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அடுத்த மணி அடித்துவிடும்.

இதை வெறும் காவல் வேலை என்று எண்ணிவிடலாகாது. காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை எது, தட்டைத் தள்ளிவிட்டு மூலையில் உட்காரும் பிள்ளை எது, முட்டையைத் தம்பிக்கென்று பைக்குள் ஒளித்து வைக்கும் பிள்ளை எது என்பதெல்லாம் வகுப்பில் தெரியாது, பந்தியில்தான் தெரியும். விடியுமுன் சாலைக் கம்போளத்துக்கு வேலைக்குப் போய்விடும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அரை மணி நேரம் ஆசிரியரே தாய்.

பரிமாறுமுன் ஓர் ஆசிரியராவது உணவை ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. அது எவ்வளவு அவசியம் என்பதை 2013 ஜூலையில் பீகாரில் நடந்த கொடுமை காட்டியது. பூச்சிமருந்து கலந்த பள்ளி உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். எனவே பந்தியில் ஆசிரியரின் கண் இருந்தே தீர வேண்டும்.

ஆனால் அந்தக் கண்ணை இங்கே கணக்குப் புத்தகத்தின் மேல் திருப்பிவிட்டார்கள். கேரளத்தில் 1984இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் நாடு மெச்சும் திட்டம் என்பதில் ஐயமில்லை. வாரம் ஒரு முட்டையும் இரு முறை பாலும் பெருமைக்குரியவையே. எனினும் அரிசி நீங்கலாகக் காய்கறி, பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாவற்றையும் வாங்கிக் கணக்கு எழுதும் சுமை தலைமையாசிரியர் தலையில் இருக்கிறது. 2016இல் நிர்ணயித்த தொகை, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஆளுக்கு 8, 7, 6 ரூபாய். விலைவாசி ஏறியும் 2023 வரை அதுவே நீடித்தது. அதுவும் காலத்தில் வரவில்லை. மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று கைகாட்டின. கடைக்காரருக்குக் கடன் சொல்லியும் கைப்பணம் போட்டும் சலித்த ஆசிரியர்கள் கேரள உயர் நீதிமன்றத்தின் படியேறினர்.

2025 மே முதல் மத்திய அரசின் கணக்கு, தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 6 ரூபாய் 78 காசு. உயர் தொடக்க வகுப்புக்கு 10 ரூபாய் 17 காசு. அதே ஆண்டு ஆகஸ்டில் கேரள அரசு எலுமிச்சை சாதம், வெஜிடபிள் பிரியாணி என்று உணவுப் பட்டியலை விரித்தது. வரவேற்கிறோம். ஆனால் பட்டியல் நீண்டால் போதுமா? பணமும் ஆளும் வேண்டாமா?

தமிழ்நாட்டில் காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக விரித்தபோது, அதற்கென்றே அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் நியமிக்கப்பட்டனர். காலியிடங்கள் நிரப்பப்படவில்லை என்ற குறை அங்கும் உண்டு. ஆயினும் சோற்றுக் கணக்குக்குத் தனி ஆள் என்ற ஏற்பாடு சரியானதே. கேரளமும் அவ்வழியை யோசிக்க வேண்டும். பணத்தை மாத முதலிலேயே பள்ளிக்குச் சேர்ப்பிக்கவும் ஆவன செய்ய வேண்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பள்ளியிலும் உணவுக் கமிட்டி உண்டு. அதில் பெற்றோருக்கும் இடம் உண்டு. 'மலையாளம் சரியாக வராது, ஒரு நாள் கூலி போய்விடும்' என்று ஒதுங்கி நிற்பவர்களே நம்மில் அதிகம். மாதம் ஒரு மதியம் போய் நின்று பரிமாறினால், பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பதும் தெரியும். ஆசிரியருக்கும் ஒரு கை உதவி கிடைக்கும். பசியாற்றும் வேலையை ஆசிரியர் ஒருவர் தோளில் விட்டுவிட்டு நாம் சும்மா இருப்பது நியாயமல்ல.