பெரிய அளவுக்குப் பெரிய வரியா?

எக்ஸ்எல் அளவுக்கு மேற்பட்ட ஆடைகளுக்குக் கூடுதல் விலை வாங்கும் வழக்கம் இணைய விற்பனையில் பரவி வருகிறது. துணி அதிகம் செலவாகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று.

பின்னலாடைத் தொழிலில் வழங்கும் வாய்பாட்டைக் கொண்டு ஒரு டி-சர்ட்டுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். உடல் நீளம், கை நீளம் இரண்டையும் தையல் விடுப்போடு கூட்டி, மார்பு அகலத்தால் பெருக்கி, முன்பக்கம், பின்பக்கம் என இரட்டிப்பாக்கினால் துணியின் பரப்பு கிடைக்கும். 180 ஜிஎஸ்எம் துணியில், என் உத்தேச அளவுகளின்படி, மீடியத்துக்கு ஏறத்தாழ 200 கிராமும் டபுள் எக்ஸ்எல்லுக்கு 260 கிராமும் தேவைப்படும். கிலோ 400 ரூபாய் என்று கொண்டால் வேறுபாடு 24 ரூபாய். தையல் கூலி, லேபிள், பேக்கிங் ஆகியவை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆக, துணிச்செலவு 30 விழுக்காடு கூடினாலும் ஆடையின் அடக்கவிலை அந்த அளவுக்கு உயர்வதில்லை.

துணிதான் அளவுகோல் என்றால் ஸ்மால் வாங்குவோருக்கு விலை குறைய வேண்டும். எந்தக் கடையும் அப்படிக் குறைப்பதாகத் தெரியவில்லை. கட்டிங் மேசையிலோ பெரிய அளவுகளுக்கு இடையே விழும் இடைவெளியில் சிறிய அளவுகளின் பாகங்களைப் பொருத்தித்தான் துணியை மிச்சப்படுத்துகிறார்கள். ஏற்றுமதி ஆர்டர்களிலும் எல்லா அளவுகளுக்குமாகச் சராசரி கண்டு ஒரே விலை பேசுவது வழக்கமானதே.

இப்போது வரியும் இதில் சேர்ந்துகொண்டுள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் முழு விலைக்கும் 18 விழுக்காடு. வரிக்கு முன் 2,480 ரூபாய் விலையுள்ள சுடிதாருக்கு வரி 124 ரூபாய். அதே சுடிதாரின் பெரிய அளவுக்கு 50 ரூபாய் கூட்டினால் விலை 2,530. வரி 455 ரூபாய். கடைக்காரர் கூட்டியது 50. வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பதோ 381. இதில் துணிக்கான பங்கு எவ்வளவு?

உடல்வாகு எவரும் விரும்பித் தேர்ந்துகொண்ட ஆடம்பரம் அன்று. சராசரி அடக்கவிலையில் எல்லா அளவுகளுக்கும் ஒரே விலை வைப்பது வணிகர்களால் இயலும். 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே உயர் வரி என்று ஜிஎஸ்டி மன்றம் திருத்தினால், அளவு மாறுவதால் வரி இப்படித் தாவாது. இரண்டில் எளிதானது முதலாவது. கடைகள் அதை நாளையே தொடங்கலாம்.