'விடிஞ்சால்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

போன வருசம் எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஒரு அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் ஒன்று எழுதிக் குடுத்தன். கம்பஸ் போற பிள்ளை எண்டால் ஊரில் இந்த வேலைகள் தானாக வந்து சேரும். 2009 வைகாசியில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி வெளிநாட்டு அமைப்பு ஒன்றுக்கு அனுப்புகிற கடிதம். அவா சொல்லச் சொல்ல நான் எழுதினன். "மகன் வந்தால் இருக்கிறதுக்கு அறை ஒண்டு கட்டி வைச்சிருக்கிறன்" எண்டு சொன்னா. நான் 'இஃப்' போட்டு எழுதினன். 'வந்தால்' எண்டால் 'இஃப்' தானே? ஆறாம் வகுப்பில இருந்து அப்பிடித்தான் படிச்சனான்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டா. கனடாவில் இருக்கிற தங்கச்சி கடிதத்தைப் போனில் தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறா. "ஒருவேளை மகன் வந்தால்" என்று.

"பிள்ளை, நான் ஒருவேளை எண்டு சொன்னனானே?"

கோபமில்லை. கேள்விதான். ஆனால் எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரி இருந்தது. அவா ஒருவேளை எண்டு சொல்லவேயில்லை. அந்த ஒருவேளையை அவாவின் வாயில் வைத்தது நான்.

யோசித்துப் பாருங்கள். "விடிஞ்சால் கலியாணம்" என்று சொல்கிறோம். விடியுமோ விடியாதோ என்ற சந்தேகத்திலா சொல்கிறோம்? தமிழில் '-ஆல்' சந்தேகத்துக்கும் வரும், நிச்சயத்துக்கும் வரும். எது என்று சொல்கிற ஆளையும் சந்தர்ப்பத்தையும் வைத்து விளங்கிக்கொள்வோம். ஆங்கிலம் அப்படி விடாது. 'இஃப்' என்றால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். 'வென்' என்றால் நடக்கும், எப்போது என்பதுதான் கேள்வி. எழுதுகிற ஆள் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். நான் தெரிவு செய்கிறேன் என்று தெரியாமலே தெரிவு செய்துவிட்டேன்.

இதில் என் பிழை இருக்கு. ஆனால் எங்களுக்குப் படிப்பித்த விதத்திலும் பிழை இருக்கு என்பதுதான் என்ர வாதம்.

உங்கள் பழைய ஆங்கிலக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். இணைப்புச் சொற்கள் என்று ஒரு பக்கம் இருக்கும். 'வென்' - எப்போது. 'பிஃபோர்' - முன். 'சின்ஸ்' - இருந்து. 'அன்ரில்' - வரை. இன்னொரு பக்கத்தில் நேரச் சொற்கள்: நேற்று, போன கிழமை, மூன்று நாள், ஐந்து மணி. இரண்டு பக்கத்தையும் பாடமாக்கினோம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு வசனத்தில் சந்தித்தால் என்ன நடக்கும் என்று பெரும்பாலும் ஒருத்தரும் காட்டவில்லை.

அதனால்தான் எங்கட பிழைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. "மூண்டு நாளைக்கு முதல் வந்தனான்" என்பதை 'பிஃபோர் த்ரீ டேய்ஸ்' என்று எழுதாத ஆள் எங்கள் பச்சில் இருக்கிறாரா? எங்களுக்கு "வர முதல்" என்பதிலும் அதே 'முதல்', "மூண்டு நாளைக்கு முதல்" என்பதிலும் அதே 'முதல்'. ஆங்கிலத்தில் ஒரு சம்பவத்துக்கு முன் என்றால் 'பிஃபோர்'. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ', அதுவும் நாட்கணக்குக்குப் பின்னால்தான் வரும். இது சோம்பேறித்தனத்தால் வருகிற பிழை இல்லை. தமிழ் சரியாகத் தெரிந்ததால் வருகிற பிழை.

'பை' இன்னும் மோசம். அதற்கு 'ஆல்' என்று மட்டும் படித்த பிள்ளைக்கு, 'பை ஃபிரைடே' என்று அசைன்மன்றில் போட்டிருந்தால் என்ன விளங்கும்? கடைசியில் 'அன்ரில்' என்றும் 'பை' என்றும் மாறி மாறிப் போடுவோம். ஆனால் பகிடி என்னவென்றால் இந்த வித்தியாசம் எங்கட பேச்சில் அச்சொட்டாக இருக்கு. "வெள்ளி மட்டும் இருப்பன்" என்பது 'அன்ரில்'. "வெள்ளிக்குள்ள தருவன்" என்பது 'பை'. "வெள்ளி மட்டும் தருவன்" என்று நாங்கள் ஒருநாளும் அந்த அர்த்தத்தில் சொல்லமாட்டோம். இதை அம்மம்மாவின் தமிழில் இருந்து தொடங்கியிருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும்.

அடுத்தது அந்தப் பெயர்போன விதி: 'வென்', 'அன்ரில்', 'ஆஃப்ரர்' போன்றவற்றுக்குப் பின்னால் வருகிற நேர வாக்கியத்தில் எதிர்காலத்துக்கு 'வில்' போடாதே. ஏன் என்று கேட்டால் ஆங்கிலம் அப்படித்தான் என்று பதில் வரும். சரி, தமிழைப் பார்ப்போம். "நேற்று வரேக்க கண்டனான்." "நாளைக்கு வரேக்க கொண்டு வா." 'வரேக்க' மாறவேயில்லை. காலத்தைக் கடைசி வினைதான் தூக்கிக்கொண்டு போகிறது. "நாளைக்கு அவர் வந்தாப் பிறகு கதைப்பம்" என்பதில் நாளைய விசயத்துக்கு 'வந்த' என்று நடந்து முடிந்த மாதிரியே சொல்கிறோம். ஆங்கிலமும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது: நேர வாக்கியத்தை விட்டுவிட்டுப் பிரதான வாக்கியத்துக்கு மட்டும் 'வில்' போடுகிறது. எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பழக்கம். அதை அந்நிய விதியாக்கித் தந்து பயமுறுத்தி விட்டார்கள்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கு. அதே கடிதத்தில் அவா சொன்ன இன்னொரு வசனம்: "2009இல இருந்து தேடுறன்." தமிழுக்கு 'தேடுறன்' போதும், இன்னும் தேடல் நிற்கவில்லை என்று விளங்கும். ஆங்கிலத்தில் 'சின்ஸ் 2009' என்று வந்தால் தொடங்கினதையும் இன்றுவரை தொடர்வதையும் சேர்த்துச் சொல்கிற வினைவடிவம் வேண்டும். நான் எழுதியது சாதாரண இறந்தகாலம். 'தேடினேன்' என்று. வாசிக்கிற ஆளுக்கு, தேடி முடித்துவிட்டா என்ற எண்ணம் வரலாம். 2017 மாசியில் கிளிநொச்சியில் வீதியோரம் இருக்கத் தொடங்கிய தாய்மாரைப் பற்றி எழுதும்போதும் இந்த ஒரு வினைவடிவம்தான் நேற்றைய செய்தியையும் இன்றைய போராட்டத்தையும் பிரிக்கிறது.

இலக்கணத்தை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறாய் என்று கேட்பீர்கள். இந்த நாட்டின் சட்டங்களைப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம், நாங்கள் தனிச் சிங்களச் சட்டம் என்று சொல்வது, மிகச் சின்னச் சட்டம். சிங்களத்தை உடனே நடைமுறைப்படுத்த முடியாத இடங்களில், மாற்றம் நடக்கும் வரை பழைய மொழியைத் தொடரலாம் என்று ஒரு விலக்கு அதில் உண்டு. ஆனால் அந்த மாற்றம் இயன்றளவு விரைவாக, 1960 டிசம்பர் 31 முடிய முன்னர் நடக்க வேண்டும். 'வரை' ஒரு கதவைத் திறக்கிறது, 'முன்னர்' அதைத் திகதி போட்டுப் பூட்டுகிறது. 1987 இலங்கை - இந்திய ஒப்பந்தத்தில் கிழக்கு மக்களுக்கான சர்வசன வாக்கெடுப்பு 1988 டிசம்பர் 31இல் அல்லது அதற்கு முன் நடக்கும் என்று இருந்தது. ஜனாதிபதி விரும்பினால் பிற்போடலாம் என்றும் கூடவே இருந்தது. அந்த வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. அரசறிவியலும் வரலாறும் படிக்கிற நாங்கள், இந்த மாதிரி வசனங்களைத் தமிழ் நோட்ஸில் இரண்டு வரிச் சுருக்கமாக மட்டும் வாசித்துவிட்டுப் போகிறோம்.

சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று சொல்வார்கள். வாள் என்று அர்த்தம். எங்களுக்கும் அப்படித்தான். ஏ எல்லில் பொது ஆங்கிலம் எழுதினோம், அது கம்பஸ் அனுமதிக்குக் கணக்கில் வராது என்பதால் கணக்கெடுக்கவும் இல்லை. கலைப்பீடத்துக்கு வந்தபின் உசாத்துணை நூல் முழுக்க ஆங்கிலம்.

"தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்தில் யோசி" என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். தமிழைக் கொண்டுவந்தால் மொழிபெயர்க்கிற பழக்கம் வந்துவிடுமாம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். சரளமாகக் கதைக்கிற ஆள் ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்த்துக்கொண்டு இருக்க முடியாதுதான். ஆனால் நாங்கள் ஏற்கெனவே மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், களவாகவும் பிழையாகவும். அதை வெளிச்சத்தில் வைத்துச் சரியாகச் செய்யப் பழக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற அட்டவணையைக் கிழித்துவிட்டு, வீட்டில் கதைக்கிற பத்து வசனத்தைப் பலகையில் எழுதுங்கள். வரேக்க, வர முதல், வந்தவுடன, வரும் மட்டும், வந்தால். ஒவ்வொன்றும் எந்தச் சந்தர்ப்பத்தில் எந்த ஆங்கிலச் சொல்லாக மாறும், கூட வருகிற வினைக்கு என்ன நடக்கும் என்று பிள்ளைகளையே வாதாட விடுங்கள்.

கடிதத்தைத் திருப்பி எழுதினன். 'இஃப்'ஐ வெட்டி 'வென்' போட்டன். 'தேடினேன்' இருந்த இடத்தில் 'தேடிக்கொண்டே இருக்கிறேன்' என்று வருகிற வடிவத்தை வைத்தன். பிறகு வரி வரியாகத் தமிழில் அவாவுக்கு வாசித்துக் காட்டினன். முதல்தரமே செய்திருக்க வேண்டிய வேலை.

"இப்ப நான் சொன்ன மாதிரி இருக்கு" எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சா. பதில் இன்னும் வரேல்லை.