எச்ஐவி மாத்திரை: முதல் மாதம் அல்ல, ஐந்தாம் வருடம்தான் சிக்கல்

இந்தியாவில் எச்ஐவி-க்கு அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கியது. தொடக்க மையங்களில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. அன்று வந்தவர்களில் பலர் எடை கரைந்து, காசநோயும் சேர்ந்து, அடுத்தவர் தோளைப் பிடித்து நடந்தவர்கள். மாத்திரை உயிரைத் திருப்பித் தந்ததை அவர்கள் தங்கள் உடம்பிலேயே பார்த்தார்கள். ‘மறக்காம சாப்பிடுங்க’ என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2017 முதல் நிலைமை வேறு. சிடி4 அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியானதும் சிகிச்சை. மருத்துவரீதியாக இது மிகச் சரியான முடிவு. ஆனால், காய்ச்சல்கூட இல்லாதவர் கையில் வாழ்நாள் மருந்தைக் கொடுக்கிறோம். முதல் சில மாதங்கள் பயமே மாத்திரையை எடுக்க வைக்கும். பிறகு? ‘நல்லாத்தானே இருக்கேன், ஒரு நாள் விட்டா என்ன ஆகிடப் போகுது?’

யாரும் ஒரே நாளில் நிறுத்துவதில்லை. ஊர்த் திருவிழா, கல்யாண வீடு, வேலைக்கு வெளிமாநிலம் போவது என்று ஒவ்வொன்றாக விடுபடும். உறவினர் வீட்டில் மாத்திரை டப்பாவை எங்கே ஒளிப்பது என்பதே சிலருக்குப் பெரிய பிரச்சினை. பிறவியிலேயே தொற்றோடு பிறந்த பிள்ளைகள் கதை இன்னும் கடினம். பத்து வயது வரை பாட்டி ஊட்டிய மருந்தை, பதினாறு வயதில் ‘எனக்கு மட்டும் எதுக்கு?’ என்று தள்ளிவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் அதுவரை உண்மையான பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வைரஸோ எங்கும் போய்விடவில்லை. நினைவு அணுக்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் ரத்தத்தில் மறுபடியும் தலைகாட்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே கட்டுப்படாத வகை உருவாகும் ஆபத்தும் உண்டு. முன்பு மாதத்துக்கு 60 வேளை. 95 சதவீதம் என்ற அளவுகோலின்படி மூன்று வேளைக்கு மேல் தவறக்கூடாது. டோலுடெக்ராவிர் சேர்ந்த இன்றைய ஒற்றை மாத்திரை அவ்வளவு கறார் இல்லை. அதற்காக அது விடுமுறைச் சீட்டும் இல்லை.

மையங்களில் மிச்ச மாத்திரையை எண்ணுகிறார்கள். திட்டு விழும் என்று பயந்து, மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. கணக்கு சரியாக இருக்கும், வைரஸ் மட்டும் ஏறியிருக்கும். முதல் வருடத்துக்குப் பிறகு வைரல் லோடு பரிசோதனை வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறைதான். இடையில் நடக்கும் சறுக்கல் யார் கண்ணிலும் படாது. ஆகவே, புதிதாக வருபவருக்குத் தரும் ஆலோசனை நேரத்தில் பாதியையாவது பழைய நோயாளிக்கும் ஒதுக்க வேண்டும். ‘எத்தனை விட்டீங்க?’ என்பதைவிட, ‘இந்த மாசம் எப்போ கஷ்டமா இருந்துச்சு?’ என்ற கேள்விக்கு உண்மை வரும். நிலையாக இருப்பவருக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். சில நாட்கள் விட்டுப்போயிருந்தாலும் தயங்காமல் மையத்துக்குப் போகலாம். வெளியூரில் மாத்திரை தீர்ந்துவிட்டால், 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் அருகிலுள்ள மையத்தை விசாரிக்கலாம்.