பேட்டன்ட்ல உங்க பேரு இருக்கும்... பணம் யாருக்குப் போகும்?



"ஒரே ஒரு ஐடியாவை பேட்டன்ட் பண்ணுங்க, உட்கார்ந்த இடத்துல ராயல்டி வரும்." இந்த மாதிரி ரீல்ஸ் இப்போ நிறைய சுத்துது. நம்ம சேனல் கமெண்ட்லயும் இதே கேள்விதான்: "சார், பேட்டன்ட் நல்ல பாஸிவ் இன்கமா?"

கோயம்புத்தூர்ல இந்தக் கேள்வி வராம இருந்தாத்தான் ஆச்சரியம். பம்பு, மோட்டார், டெக்ஸ்டைல் மெஷினரி, ஃபவுண்ட்ரின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் டிசைன் டிபார்ட்மென்ட்ல வேலை பார்க்கிற பசங்க இருக்காங்க. அவினாசி ரோடு மேம்பாலத்துக்கே ஜி.டி. நாயுடு பேரு வெச்சிருக்கிற ஊருங்க இது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு பேட்டன்ட் சர்டிஃபிகேட்டை விட முக்கியமான காகிதம் ஒண்ணு இருக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குப் படிக்காமலே கையெழுத்துப் போட்டீங்களே, அந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். உங்க கண்டுபிடிப்புல வர்ற பணம் யாருக்குன்னு பெரும்பாலும் அதுலதான் எழுதியிருக்கும்.

ரெண்டு பேர், ரெண்டு முடிவு

முதல் ஆள் நம்ம ஊரு அருணாச்சலம் முருகானந்தம். குறைஞ்ச செலவுல சானிட்டரி நாப்கின் செய்யற மெஷினை உருவாக்கினவர். வெளிநாட்டு மெஷின் கோடிக்கணக்குல இருந்தப்போ, இவரோட மெஷின் சுமார் 65,000 ரூபாய்க்கு வந்துச்சு. பேட்டன்டும் வாங்கினார். பெரிய கம்பெனிகள் தேடி வந்தும் அவங்களுக்கு விக்கலை. பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்குத்தான் கொடுத்தார். 2016-ல பத்மஸ்ரீ, 2018-ல அவர் கதையை வெச்சு 'பேட்மேன்' படம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் பார்க்கிறது வேற விஷயம். "யாருக்கு விக்கணும், என்ன விலைக்கு விக்கணும்"னு அவரால முடிவு பண்ண முடிஞ்சுது. ஏன்னா, உரிமை அவர் கையில இருந்துச்சு.

ரெண்டாவது ஆள் ஜப்பான்ல மாசச் சம்பளத்துக்கு வேலை பார்த்த எஞ்சினியர், ஷுஜி நகமுரா. நிச்சியா கம்பெனியில இருந்தப்போ, 1990-கள்ல பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார். இன்னிக்கு நம்ம வீட்டு வெள்ளை எல்இடி பல்புக்கு அடிப்படையே அதுதான். பேட்டன்ட் கம்பெனிக்குப் போச்சு. அவருக்குக் கிடைச்ச வெகுமதி 20,000 யென். பிறகு கேஸ் போட்டார். 2004-ல டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொல்லுச்சு. கம்பெனி அப்பீல் போக, 2005-ல சுமார் 84 கோடி யென்னுக்கு சமரசம் ஆச்சு. 2014-ல இயற்பியல் நோபல் பரிசையும் பகிர்ந்துக்கிட்டார்.

அவர் கேஸ் நின்னதுக்குக் காரணம் அந்த ஊர் சட்டம். ஊழியரோட கண்டுபிடிப்பைக் கம்பெனி எடுத்துக்கிட்டா நியாயமான ஈடு கொடுக்கணும்னு ஜப்பான்ல இருந்துச்சு. ஜெர்மனியில இதுக்குன்னே 1957-ல தனிச் சட்டம் போட்டுட்டாங்க.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

நம்ம காப்புரிமைச் சட்டம் 1970-ல அப்படி ஒரு பிரிவே இல்லைங்க. கண்டுபிடிச்சவரோ, அவர்கிட்ட எழுதி வாங்கினவரோ விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். பிரிவு 28 படி பேட்டன்ட்ல கண்டுபிடிப்பாளர்னு உங்க பேரைப் போடச் சொல்லிக் கேட்கலாம். ஆனா பேரு இருக்கிறதால மட்டும் எந்த உரிமையும் வந்துடாதுன்னு அதே பிரிவு தெளிவா சொல்லுது.

அதனால எல்லாமே ஒப்பந்தம்தான். ஆர்டரை எடுத்து மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, எல்லை. கம்பெனி தொழில் சம்பந்தப்பட்ட கண்டுபிடிப்பு மட்டுமா, இல்லை வேலையில இருக்கிற காலத்துல நீங்க எதைச் செஞ்சாலும் கம்பெனிக்கா? ரெண்டாவது மாதிரி எழுதியிருந்தா, ஞாயித்துக்கிழமை வீட்டு மாடியில செஞ்சதுக்கும் பிரச்சினை வரலாம்.

ரெண்டு, காலம். வேலையை விட்ட பிறகும் சில மாசத்துக்கு அந்த நிபந்தனை தொடருதா?

மூணு, பணம். பேட்டன்டுக்கு இன்சென்டிவ் எவ்வளவுன்னு எழுத்துல இருக்கா, இல்லை "மேனேஜ்மென்ட் முடிவுப்படி"யா?

வரிக் கணக்கு: இங்கதான் பெரிய வித்தியாசம்

பேட்டன்ட் கம்பெனி பேர்ல இருந்து, உங்களுக்கு 1 லட்சம் இன்சென்டிவ் கொடுத்தா, அது சம்பளம். 30% ஸ்லாப்ல இருந்தா செஸ் சேர்த்து 31,200 ரூபாய் வரி.

பேட்டன்ட் உங்க பேர்லயே இருந்து ராயல்டி வந்தா, வருமான வரிச் சட்டம் 1961-ல ரெண்டு வழி. பிரிவு 80 ஆர்ஆர்பி படி 3 லட்சம் வரைக்கும் கழிவு, ஆனா பழைய ரெஜீம்ல மட்டும். பிரிவு 115 பிபிஎஃப் படி இந்தியாவுல உருவாக்கிப் பதிவு பண்ணின பேட்டன்டுக்கு மொத்த ராயல்டி மேல 10% வரி, செலவு எதையும் கழிக்க முடியாது. 30% ஸ்லாப்ல இருக்கிறவருக்கு ராயல்டி 4 லட்சம்னா முதல் வழியில 31,200, ரெண்டாவதுல 41,600. அதுவே 5 லட்சம்னா முதல் வழி 62,400, ரெண்டாவது 52,000. நான் போட்டுப் பார்த்த கணக்குல 4.5 லட்சத்துல ரெண்டும் சமமாகுது. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரிச் சட்டம்கிறதால பிரிவு எண்களும் மாறும், ஃபைல் பண்ணும்போது சரிபார்த்துக்கங்க.

ரெண்டு சலுகையுமே கண்டுபிடிச்சவரே பேட்டன்ட் உரிமையாளராவும் இருந்தாத்தான். கண்டுபிடிப்பாளர்னு வெறும் பேரு மட்டும் இருக்கிறவருக்குக் கிடையாது.

சொந்தமா எடுக்கறதா இருந்தா

தனிநபருக்கு இப்போ ஆன்லைன்ல விண்ணப்பக் கட்டணம் 1,600, பரிசோதனைக் கட்டணம் 4,000. மூணாவது வருஷத்துல இருந்து வருஷா வருஷம் ரினியூவல்: 800-ல ஆரம்பிச்சு கடைசி அஞ்சு வருஷத்துக்கு 8,000 வரைக்கும் ஏறும். 20 வருஷத்துக்கும் சேர்த்தா அரசுக் கட்டணம் மட்டும் சுமார் 82,400 ரூபாய். பேட்டன்ட் ஏஜென்ட் ஃபீஸ் தனி. இது செலவுதான், முதலீடு இல்லைங்க. லைசென்ஸ் எடுக்க ஒரு கம்பெனியோ, செஞ்சு விக்க ஒரு வழியோ இல்லைன்னா, எஸ்ஐபியை நிறுத்திட்டு இதுல பணம் போடாதீங்க.

இன்னொண்ணு. ஃபைல் பண்றதுக்கு முன்னாடி யூடியூப்ல, லிங்க்ட்இன்ல போட்டுடாதீங்க. வெளியே தெரிஞ்சுட்டா "புதுசு"ங்கற தகுதியே போயிடும். கொடிசியாவுல ஸ்டால் போடறதா இருந்தாலும் முதல்ல ஃபைலிங். மத்திய அரசு அறிவிக்கை பண்ணின கண்காட்சிக்கு மட்டும்தான் 12 மாச விலக்கு. ஐடியா முழுசா தயாராகலையா? தற்காலிக விவரக்குறிப்பு ஃபைல் பண்ணி தேதியைப் பிடிச்சு வெச்சுட்டு, 12 மாசத்துக்குள்ள முழு விவரத்தைக் கொடுக்கலாம்.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கே?

இருக்குங்க. மெஷின், மெட்டீரியல், டெஸ்டிங், மாசாமாசம் சம்பளம் எல்லாம் அவங்க கொடுக்கிறாங்க. பத்து முயற்சி தோத்தாலும் நஷ்டம் அவங்களோடதுதான். அதனால "பேட்டன்ட் எனக்கே வேணும்"னு கேட்கச் சொல்லலை. நான் சொல்றது பங்கு. ஃபைல் பண்ணும்போது இவ்வளவு, கிரான்ட் ஆனா இவ்வளவு, அந்தப் பொருள் சந்தையில ஓடினா வருஷத்துக்கு இத்தனை சதவீதம்னு எழுத்துல இருக்கணும். பிரேம் போட்ட சர்டிஃபிகேட்டும் ஒரு பொன்னாடையும் ஹோம் லோன் இஎம்ஐ கட்டாது.

"ஃப்ரெஷருக்காக எச்ஆர் ஆர்டரை மாத்துவாங்களா?"ன்னு கேட்பீங்க. மாத்த மாட்டாங்க, உண்மைதான். ஆனா அஞ்சு வருஷ அனுபவத்தோட கம்பெனி மாறும்போது, சிடிசியில 5% கூடக் கேட்கிற அதே மேசையில இதையும் கேட்கலாம். வேலைக்குச் சம்பந்தமில்லாத ஐடியா உங்ககிட்ட இருந்தா, "இதுல கம்பெனிக்கு உரிமை இல்லை"ன்னு எழுத்துல வாங்கிட்டு ஆரம்பிங்க. கண்டுபிடிச்ச பிறகு கேட்டா அது சண்டை. முன்னாடியே கேட்டா வெறும் பேச்சுவார்த்தை.

நம்ம ஊரு முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நல்ல டிசைன் எஞ்சினியர் பெங்களூருக்கும் புனேவுக்கும் போறார்னு வருத்தப்படறீங்க. பங்குன்னு ஒரு வரி ஆர்டர்ல இருந்தா, இங்கயே இருக்கிறதுக்கு அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

இன்னிக்கே உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுங்க. அந்த மூணு விஷயத்துல உங்களுக்கு என்ன எழுதியிருக்குன்னு, கம்பெனி பேரு சொல்லாம, கமெண்ட்ல போடுங்க. பேசுவோம்.