பாட்டன் போட்ட கையெழுத்து

“பிரான்சுக்குப் படிக்கப் போகிறேன்” என்று நெடுங்காட்டில் ஒரு மாணவன் சொன்னால், “என்ன படிக்கப் போகிறாய்?” என்று எவரும் கேட்பதில்லை. “உங்க வீட்டுல யாருக்குப்பா பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கு?” என்பதே முதல் கேள்வி! நண்பர்களே, இக்கேள்வி பிறந்த கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

1954 நவம்பர் 1ஆம் நாள் காரைக்காலின் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுப்போர் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்றது அது. சிலர் எழுதிக் கொடுத்தனர். என் பாட்டனாரைப் போன்ற பலர் எழுதிக் கொடுக்கவில்லை.

பாட்டன் போட்ட கையெழுத்து இன்று பேரனின் படிப்புச் செலவை நிர்ணயிக்கிறது. 2019இல் பிரெஞ்சு அரசு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தியபோது, இளங்கலைக்கு ஆண்டுக்கு 2770 யூரோ என்று விதித்தது. பிரெஞ்சுக் குடிமகனுக்கோ அப்போது 170 யூரோதான். ஒரே தெருவில் பிறந்த இருவருக்கு இடையே பதினாறு மடங்கு வேறுபாடு!

அப்படியானால் கையெழுத்து இல்லாத வீட்டுப் பிள்ளை கனவு காணக் கூடாதா? காணட்டும்! ஆனால் நிலத்தை அடகு வைப்பதற்கு முன் ஒன்றைச் சிந்திக்கட்டும். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை வகுப்புகள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிலேயே நடக்கின்றன. விரிவுரையைக் கேட்டுப் புரிந்து, விவாதித்து, விடை எழுதும் அளவுக்கு மொழி வேண்டும். அது அவசரப் பயிற்சியில் கைகூடுவதன்று. மாணவ விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மையே. அதை மட்டும் நம்பிக் கடன்பட்டுச் செல்பவன், பாடம் படிக்க வேண்டிய இரவுகளைப் பாத்திரம் கழுவுவதில் இழப்பான்.

குடியுரிமை பெற்ற நண்பனுக்கும் இதையே சொல்வேன். பாஸ்போர்ட் விமான நிலையத்தின் வாயிலைத் திறக்கும். வகுப்பறையில் பாடத்தை விளக்காது. மொழியறியாமல் அமர்ந்திருப்பவனுக்கு அந்தக் குறைந்த கட்டணமும் வீண்செலவே.

பிரெஞ்சு நாட்டவரான பிரான்சுவா குரோ தமிழைக் கற்றுத் தேர்ந்து, பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்தார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதனை 1968இல் வெளியிட்டது. அவருக்கு இங்கே பாட்டன் வழி உரிமை எதுவும் இருக்கவில்லை. மொழியே அவரை நம் இலக்கியத்துக்குள் அழைத்து வந்தது. அவரால் நம் சங்கத் தமிழைக் கற்க முடிந்ததென்றால், நம்மால் அவர்கள் மொழியைக் கற்க முடியாதா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலை வேளையில் ஒரு மணி நேரம், எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து பிரெஞ்சு பேசிப் பழக ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் நெடுங்காட்டு மாணவனுக்கும் ஏற்ற நேரமாக அது அமையட்டும்.

பாட்டனின் கையெழுத்தை நம்மால் மாற்ற இயலாது. நம் கையெழுத்து இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. படித்துவிட்டுப் புறப்படுவோம், படிக்கவே புறப்படுவோம்!