எத்தனை பி.எஸ்.ஐ? - கேள்வியே தப்பு!

"அண்ணே, காத்து எவ்ளோ புடிக்கறது?"

"முன்னாடி முப்பது, பின்னாடி நாப்பது வெச்சுக்க தம்பி. வண்டி கல்லு மாதிரி நிக்கும்."

விழுப்புரம் பைபாஸ் ஓரத்துப் பஞ்சர் கடை ஒன்றில், விடிகாலை நாலரை மணிக்கு நடக்கும் உரையாடல் இது. தம்பி இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குப் போகிறான். முதல் ட்ராக் டே. ஹெல்மெட், க்ளவுஸ், இரவல் வாங்கிய லெதர் சூட் எல்லாம் ரெடி.

அதே நேரம் திண்டிவனத்தில் இன்னொரு தம்பி வால்வு மூடியைக் கழற்றி, நகத்தால் பின்னை அழுத்தி, உஸ்ஸ்ஸ்... என்று காற்றை இறக்கிக் கொண்டிருக்கிறான். ட்ராக்குக்கு 22 போதும், அப்போதுதான் க்ரிப் வரும் என்று யாரோ ஒருவர் வீடியோவில் சொல்லிவிட்டார்.

(இரண்டு தம்பிகளும் கற்பனைதான். ஆனால் இவர்கள் இல்லாத ஊர் எது? :-))

ஒருவன் ஏற்றுகிறான், ஒருவன் இறக்குகிறான். பார்த்தால் எதிரெதிர். உண்மையில் இருவரும் செய்வது ஒரே தப்பு. இருவரும் ஒரு நம்பரைத் தேடுகிறார்கள். அந்த நம்பர் யாரிடமாவது தயாராக இருக்கும், கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறார்கள். அப்படி ஒரு நம்பர் கிடையாது. கடைக்கார அண்ணனிடமும் கிடையாது, வீடியோக்காரரிடமும் கிடையாது. அதை அவனவன் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன் கிடையாது?

பள்ளிக்கூட இயற்பியல்தான். மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறும். டயர் கிட்டத்தட்ட மூடிய பாத்திரம். கணக்குப் போடும்போது இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஒன்று, கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும், வளிமண்டலத்தின் 14.7-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு, வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும்.

காலையில் 27 டிகிரியில் (300 கெல்வின்) கேஜ் 30 காட்டுகிறது. உண்மை அழுத்தம் 44.7. ட்ராக்கில் சில சுற்று ஓடி டயருக்குள் காற்று 77 டிகிரி (350 கெல்வின்) ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 44.7-ஐ 350-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 52 சொச்சம். 14.7-ஐக் கழித்தால் கேஜ் காட்டப்போவது 37.4. ஒரு பொட்டுக் காற்று புதிதாக உள்ளே போகாமலே ஏழரை பி.எஸ்.ஐ ஏறிவிட்டது!

இப்போது விழுப்புரத்துத் தம்பியின் 40-ஐ இதே கணக்கில் போட்டால் 49 வரும். டயர் நடுவில் புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். வளைவில் சாய்க்கும்போது வண்டி வழுக்கும். கல்லு மாதிரிதான் நிற்கும், சந்தேகமில்லை. கல்லுக்கு க்ரிப் ஏது?

ஆக, "எத்தனை பி.எஸ்.ஐ?" என்பது பாதிக் கேள்வி. "எந்தச் சூட்டில் எத்தனை?" என்பதுதான் முழுக் கேள்வி. இது ஏதோ கல்லூரிப் பையன்களின் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். 2015-இல் இத்தாலியின் மான்சா பந்தயத்தில் லூயிஸ் ஹாமில்டன் ஜெயித்தார். பந்தயம் தொடங்குமுன் அளந்தபோது அவருடைய ஒரு டயரில் குறைந்தபட்ச அளவைவிட 0.3 பி.எஸ்.ஐ குறைவு. அதே அணியின் நிகோ ரோஸ்பெர்க் வண்டியில் 1.1 குறைவு. வெற்றியே பறிபோகுமோ என்று பெரிய களேபரம். கடைசியில் நடுவர்கள் தண்டனை தரவில்லை. காரணம், டயரை மாட்டியபோது அளவு சரியாக இருந்தது. அளந்த நேரத்தில் டயரைச் சூடாக வைக்கும் போர்வையின் இணைப்பு எடுக்கப்பட்டிருந்ததால் டயர் ஆறியிருந்தது. உலகின் பெரிய பெரிய இன்ஜினியர்கள் சுற்றி நிற்கும் இடத்திலேயே, எப்போது அளந்தாய் என்ற கேள்வி ஒரு வெற்றியை ஆட்டிவிட்டது. பஞ்சர் கடையில் அது யாருக்கும் ஒரு கேள்வியே இல்லை.

சரி, அந்த 22 எங்கிருந்து வந்தது?

அது பொய் நம்பர் இல்லை. வேறு டயரின் நம்பர். பந்தயத்துக்கென்றே செய்த ஸ்லிக் டயரின் உடம்பு வேறு, ரப்பர் வேறு. அதை வார்மர் போட்டுச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே அளந்து, குறைந்த அழுத்தத்தில் ஓட்டுவார்கள். அந்த நம்பரைக் கொண்டுவந்து, தினமும் கல்லூரிக்குப் போய்வரும் சாதா டயரில், அதுவும் ஆறிய நிலையில் வைத்தால் என்ன ஆகும்? டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிரும். வளைவில் டயர் ரிம்மின் மேல் நெளியும். அந்த மடங்கலே சூடு. சூடு ஏறினால் ரப்பரும் உள்ளே உள்ள நூல் அடுக்குகளும் பிரியத் தொடங்கும்.

2013-இல் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் ஹாமில்டன், மாஸா உட்படப் பலருக்கு டயர் கிழிந்து பறந்தது. பிரெல்லி கம்பெனி சொன்ன காரணங்களில் ஒன்று, அணிகள் டயரில் காற்றைக் குறைத்து ஓட்டியது. பின் டயர்களை இடம் வலம் மாற்றி மாட்டியது, கேம்பர் கோணம், ட்ராக்கின் ஓரக் கற்கள் என்று மற்ற காரணங்களும் இருந்தன. அதற்குப் பிறகு காற்றுக்குக் கறாரான வரம்பு வந்தது. ஃபார்முலா ஒன் டயருக்கே அந்தக் கதி என்றால், திண்டிவனத்துத் தம்பியின் டயர் எம்மாத்திரம்?

"அந்தக் காலத்துல சோழவரத்துல ஓட்டினவங்க இதெல்லாம் பார்த்தாங்களா?"

இது ஒரு வாதம். டீக்கடையில் செல்லுபடியாகும், ட்ராக்கில் ஆகாது. சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் வந்தது, 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், நேர்ப்பாதை குறைவு, வளைவு அடுத்தடுத்து. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் விளக்குப் போட்டு நடந்த பந்தயமோ சாதாரண நகரத்துத் தார்ச் சாலையில். தார் வேறு, சூடு வேறு, டயர் சாய்ந்து கிடக்கும் நேரம் வேறு. சோழவரம் நம்பர் இருங்காட்டுக்கோட்டைக்கு ஆகாது. இருங்காட்டுக்கோட்டை நம்பர் செட்டிபாளையத்துக்கு ஆகாது. மூன்றும் திண்டிவனம் ரோட்டுக்கு ஆகவே ஆகாது.

"நைட்ரஜன் அடிச்சா எல்லாம் சரியாயிடும்!"

ஆகாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மேலே போட்ட கணக்கு நைட்ரஜனுக்கும் அப்படியே பொருந்தும். அதுவும் சூட்டில் ஏறும். நைட்ரஜனால் ஒரு நன்மை உண்டு, அது ஈரமில்லாமல் வரும். கம்ப்ரஸரில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்த ஈரமும் டயருக்குள் போய், சூட்டில் ஆவியாகிக் கணக்கைக் கொஞ்சம் குழப்பும். பந்தய அணிகளுக்கு அந்தக் கொஞ்சம் முக்கியம். சொந்தமாக ஒரு கேஜ்கூட இல்லாதவர் நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது, கடிகாரம் இல்லாதவர் விநாடி முள்ளுக்குச் சாவி கொடுக்கிற கதை.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது?

1. சொந்தமாக ஒரு கேஜ். சில நூறு ரூபாய்தான். எல்லா அளவையும் அந்த ஒரே கேஜில் எடுக்க வேண்டும். கேஜ் அரை பி.எஸ்.ஐ தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை. தினமும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் போதும்.

2. ட்ராக்குக்கு வந்ததும் காற்றைத் தொடக் கூடாது. விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஓடிவந்த டயர் அது. நிழலில் நிறுத்தி நன்றாக ஆறவிட்டு, பிறகு அளக்க வேண்டும்.

3. தொடக்கம் வண்டிக் கையேட்டில் உள்ள நம்பர், அல்லது டயர் கம்பெனி அந்த டயருக்கு ட்ராக்குக்கென்று சொன்ன நம்பர். அடுத்தவன் நம்பர் வேண்டாம்.

4. நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். ஆறிய அளவு, சூடான அளவு, நேரம், வெயில், வண்டி எப்படி நடந்துகொண்டது, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

5. மாற்றுவது ஒரு தடவைக்கு ஒரு பி.எஸ்.ஐ. முன்பக்கமோ பின்பக்கமோ, ஒன்றை மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

6. கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை கோடு கிழித்துவிட்டு ஓட்ட வேண்டும். பக்கச்சுவர்ப் பகுதியிலும் சாக்பீஸ் அழிந்திருந்தால் டயர் ரொம்ப மடங்குகிறது, காற்று போதாது. ஓரப் பட்டன் மேலேயே கோடு அழியாமல் இருந்தால் காற்று அதிகம். வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது: நடுப்பகுதி மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று கூடுதல், இரண்டு ஓரமும் நடுவைவிடச் சூடு என்றால் குறைச்சல்.

7. காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்தது மதியம் ஒரு மணிக்குத் தப்பாகும். வெயில் ஏற ஏற மறுபடி அளக்க வேண்டும்.

நாள் முழுக்க இப்படிச் செய்தால் சாயங்காலம் ஒரு நம்பர் கிடைக்கும். அது அந்த வண்டிக்கு, அந்த டயருக்கு, அந்த ட்ராக்குக்கு, அந்த வெயிலுக்கு, அந்த ஆளுக்கு மட்டும் சொந்தம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

சாயங்காலம் ஆறு மணி. உடம்பு அசதி, மனசு ஜிவ்வென்று பறக்கிறது. தம்பி மதியம் சூடான டயரில் 37 இருந்ததை 30-க்கு இறக்கியிருந்தான். ட்ராக்குக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதே டயர் ஆறி 27 டிகிரிக்கு வந்தால் கேஜ் என்ன காட்டும்? கணக்குப்படி 23.6. அந்த 23.6-உடன், பையைப் பின்னால் கட்டி, நண்பனையும் ஏற்றிக்கொண்டு, ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திண்டிவனம், விக்கிரவாண்டி என்று இருட்டில் ஊர் திரும்புகிறான். ட்ராக்கில் விழுந்தால் ஓட வழுக்குமண் இருக்கிறது, கொடி காட்ட ஆள் இருக்கிறார், ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஜி.எஸ்.டி ரோட்டில் விழுந்தால் பின்னால் வருவது லாரி.

ட்ராக்குக்கே போகாதவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. "வெயில் காலம், காத்தைக் கொஞ்சம் கம்மியா வைங்க, இல்லாட்டி டயர் வெடிச்சிடும்" என்று கார்க்காரர்களுக்குச் சொல்லப்படும் யோசனையைக் கேட்காதவர் யார்? அது தலைகீழ் யோசனை. குறைந்த காற்றுதான் பக்கச்சுவரை அதிகம் மடக்கும், மடங்கல்தான் சூட்டை ஏற்றும். கையேட்டு நம்பர் ஆறிய டயருக்குச் சொன்னது. ஓடும்போது ஏறப்போவதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு, காற்றைக் குறைத்துக்கொண்டு, நூறைத் தாண்டிய வேகத்தில் நான்கு வழிச்சாலையில் பறந்தால், மறுநாள் பேப்பரில் "திடீரென டயர் வெடித்து" என்று வரும். அந்தத் "திடீரென" பெரும்பாலும் பொய். பல நாளாக யாரும் அளக்காமல் விட்டதற்குப் பெயர் திடீர் இல்லை.

"ட்ராக்குக்குப் போகக் காசில்லை, பைபாஸ்லயே போட்டுப் பார்க்கறோம்" என்பவர்களுக்குச் சொல்லக் கொஞ்சம்தான் உண்டு. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-இன்படிக் குற்றம். 500 ரூபாயாக இருந்த அபராதத்தை 2019 திருத்தம் 5,000 ஆக்கியது. அபராதம் கிடக்கட்டும். அந்த ரோட்டில் எதிர்த்திசையில் மாடு ஓட்டி வருபவருக்கும், இடைவெளியில் குறுக்கே நடக்கும் பாட்டிக்கும் இது ட்ராக் என்று யாரும் சொல்லவில்லை.

சைலன்சர் மாற்றப் பல ஆயிரம், ஸ்டிக்கர் ஒட்ட ஆயிரம், ஹேண்டில்பார் மாற்ற இன்னொரு ஆயிரம் செலவழிப்பவர்கள் கேஜ் என்றதும் "எதுக்கு?" என்கிறார்கள். வண்டி தரையைத் தொடுவது இரண்டு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். மிச்சமெல்லாம் அதற்கு மேலே நடக்கிற வேடிக்கை.

பஞ்சர் கடை அண்ணன் மேல் தப்பில்லை. கேட்டார்கள், ஒரு நம்பர் சொன்னார். அடுத்த தடவை தம்பி தன் கேஜையும் நோட்டையும் கையில் வைத்துக்கொண்டு, "முன்னாடி இருபத்தொம்போது வைங்கண்ணே, டயர் ஆறியிருக்கு, இப்பதான் பார்த்தேன்" என்று சொல்லட்டும். அண்ணன் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

டிஸ்கி: இதில் வரும் 30, 37, 23.6 எல்லாம் கணக்கு புரிவதற்காக மட்டும். எழுதிக்கொண்டு போய் அப்படியே டயரில் வைத்தால், படித்ததெல்லாம் வீண்!